பாலேட்டில் தொடங்கிய ஏழு தோல்கள்

தோலுக்கு ஏழு அடுக்குகள் என்று சுசுருத சங்கிதை கூறுவதையும், மேல்தோலின் ஐந்து அடுக்குகளோடு உள்தோலையும் அடித்தோலையும் கூட்டி நவீன மருத்துவம் ஏழென்று சொல்வதாகவும் இணைத்துக்காட்டும் பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. இந்தக் கணக்கில் ஒரு பிழை உண்டு. மேல்தோலில் ஐந்து அடுக்குகள் இருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டுமே; பிற இடங்களில் நான்கே. சரக சங்கிதையோ தோலுக்கு ஆறு அடுக்குகள் என்கிறது.

எண்ணை விட்டுச் சொற்களைப் பார்ப்போம். காய்ச்சும் பாலில் ஏடு படிவதுபோலக் கருவில் தோல்கள் உருவாகின்றன என்பது சுசுருதரின் உவமை. முதல் அடுக்கு 'அவபாசினி': நிறங்களை ஒளிரச் செய்வது. அதன் தடிமன் நெல்மணியில் 18-இல் ஒரு பங்கு. கடைசி அடுக்கு 'மாம்சதரா': தசையைத் தாங்குவது. நீரில் ஏழு இரவுகள் ஊறிய உடலைத் தூரிகையால் மெல்லத் தேய்த்து, தோல் முதலாக ஒவ்வொன்றாய்க் காணும் முறையை அந்நூல் விவரிக்கிறது. கண்ணும் கையும் எட்டிய எல்லை அது.

உயிரணுக்கள் அடியடுக்கில் பிரிந்து, மேலேறி, கருவை இழந்து, ஏறத்தாழ நான்கு வாரங்களில் செதிலாய் உதிர்கின்றன என்பதை அறிய நுண்ணோக்கி வேண்டியிருந்தது. மால்பீகி 17-ஆம் நூற்றாண்டில் அதைக் கொண்டு தோலை ஆராய்ந்தார். விலங்குடல் உயிரணுக்களால் ஆனது என்று சுவான் நிறுவியது 1839-இல்.

ஆயினும் தோல் ஒட்டி உயிர்க்கும் என்பதை இங்குள்ள கைகள் முன்பே அறிந்திருந்தன. மைசூர்ப் போரில் மூக்கறுபட்ட மாட்டுவண்டிக்காரர் கவாஸ்ஜிக்கு, நெற்றித் தோலைக் கீழே திருப்பிப் புதுமூக்கு அமைத்த செய்தியை 1794-இல் இலண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' வெளியிட்டது. புருவங்களுக்கிடையே ஒரு தோல்துண்டை அறுக்காமல் விட்டதே அதன் நுட்பம். ஒட்டும்வரை குருதி அவ்வழியே பாயும். அதைப் படித்த கார்ப்யூ 1814-இல் இலண்டனில் அம்முறையைச் செய்துபார்த்தார்.

சிகிச்சை செய்தவர் செங்கல் செய்யும் சாதியினர் என்று அச்செய்தி குறிக்கிறது, பெயரைக் குறிக்கவில்லை. ஏழா, ஆறா என்று வாதாடும் நாம், பெருமையின் பட்டியலில் அவரைச் சேர்ப்பதேயில்லை. ஏட்டில் இருந்த அறிவுக்கு உரிமை கோருகிறோம். அதற்கு நிகரான அறிவைக் கையில் காத்தவரை மறந்துவிடுகிறோம்.