டோக்கியோ போன 45 பையன்களும் ஒரு சூட்கேஸும்

போன வாரம் அக்கா பொண்ணுக்குப் பெட்டி வாங்க லாங் பஜார் போயிருந்தேன். (எங்க ஊர்ல லாங் பஜார்னு யாரும் சொல்ல மாட்டாங்க, லாங்கு பஜார்தான். அந்த 'கு' விட்டுப்போச்சுன்னா ஆட்டோக்காரர் நம்மளை வெளியூர்னு முடிவு பண்ணி இருபது ரூபாய் கூடக் கேட்பார்.) பொண்ணு பத்தாவது. பள்ளிக்கூடத்துல இருந்து சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா, அஞ்சு நாள். மெர்லயன் சிங்கம், செந்தோசா, அறிவியல் மையம்னு வழவழ தாள்ல சுற்றறிக்கை வந்திருக்கு. கூடவே பெற்றோர் ஒப்புதல் படிவம். அத்திம்பேர் ஊர்ல இல்லாததால அதைப் படிச்சுப் பார்க்கிற வேலையும் என் தலையில.

"எத்தினி நாளு சார்?" - பெட்டிக்கடை பாய்.

"அஞ்சு நாள் பாய். சிங்கப்பூர்."

"அப்ப இந்த சைஸ் போதும். வீலு மட்டும் நல்லதா பாருங்க. புள்ள தானே இழுத்துக்கினு போவணும்."

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு சுத்தி எங்க பார்த்தாலும் தோல் பதனிடுற ஊர். அதுக்கு நடுவுல உக்காந்துகிட்டு பாலியஸ்டர் பெட்டிக்குப் பேரம் பேசினேன். என்ன பண்றது, பட்ஜெட் அப்படி :)

பெட்டியை உருட்டிக்கிட்டே அப்படியே நேதாஜி மார்க்கெட்டுக்குள்ள புகுந்தேன், காய் வாங்க. லாங்கு பஜாரை ஒட்டினாப்ல இருக்கிற மார்க்கெட். சின்ன வயசுல இருந்து போற இடம். தக்காளி என்ன விலைன்னு கேட்கும்போது யாருக்கு அந்தப் பேர்ல இருக்கிற மனுஷன் ஞாபகம் வருவார்? எனக்கு அன்னிக்கு வந்தார். கையில பெட்டி, பையில ஒப்புதல் படிவம். அவர் அனுப்பிவச்ச ஒரு மாணவர் கூட்டம் இருக்கே, அது ஞாபகம் வந்தது. அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

1944. சுபாஷ் சந்திர போஸ் தென்கிழக்காசியாவுல இருந்து 45 பையன்களைப் பொறுக்கி எடுத்து டோக்கியோவுக்குப் படிக்க அனுப்பினார். பெரும்பாலும் பள்ளிக்கூடத்தை இப்பத்தான் முடிச்ச வயசு. பர்மா, மலேயா பக்கம் வாழ்ந்த இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகள். இந்திய தேசிய ராணுவத்துல இவங்களுக்கு 'டோக்கியோ கேடட்ஸ்'னு பேர், பிற்பாடு 'டோக்கியோ பாய்ஸ்'. ஜப்பானியத் தரைப்படை, விமானப்படை அதிகாரிகளுக்கான அகாடமிகள்ல படிச்சு, சுதந்திர இந்தியாவோட ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் முதல் அதிகாரிகளா வரணும்ங்கிறது திட்டம். விமானப்படைன்னு சொல்றேனே, அப்ப ஐ.என்.ஏ. கிட்ட அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. இல்லாத விமானப்படைக்கு முன்கூட்டியே விமானி தயார் பண்ணினார் மனுஷன்.

ஆண்டைக் கவனிங்க. 1944 மார்ச்சுல இம்பால் படையெடுப்பு ஆரம்பிச்சது, ஜூலையில பின்வாங்கல். மழை, மலேரியா, பட்டினின்னு ஆள் செத்துக்கிட்டே திரும்பி வந்த சமயம். தோற்கிற வருஷத்துல ஒருத்தர் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறார்னா அதை நம்பிக்கைன்னு சொல்றதா, பிடிவாதம்னு சொல்றதா? எனக்கு ரெண்டுமே தோணும், அன்னன்னிக்கு மூடைப் பொறுத்து.

ஜப்பானுக்குப் போற வழியும் லேசுப்பட்டதில்ல. 1942 மார்ச்சுலேயே ராஷ் பிஹாரி போஸ் டோக்கியோவுல கூட்டின மாநாட்டுக்குப் போன விமானம் நொறுங்கி, சுவாமி சத்யானந்த புரி, கியானி ப்ரீதம் சிங், கேப்டன் முகமது அக்ரம், நீலகண்ட ஐயர்னு நாலு இந்தியப் பிரதிநிதிகள் செத்துப்போனாங்க. 1944-ல கடல் இன்னும் மோசம். தென்சீனக் கடல் முழுக்க அமெரிக்க நீர்மூழ்கிகள். அந்த செப்டம்பர்ல ராகுயோ மாரு மூழ்கினது ஓர் உதாரணம். அதுல இருந்தவங்க ஆங்கிலேய, ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள். தாக்கினவங்களுக்கு உள்ள இருக்கிறது யாருன்னு தெரியாது. இந்தப் பையன்கள் கடந்ததும் அதே கடலைத்தான்.

ஆனா என்னை உறுத்துறது கடல் இல்ல, ரயில். பர்மாவுல இருந்து இவங்க தெற்கே வந்தது சயாம் - பர்மா ரயில் பாதை வழியா.

நம்ம ஆளுங்க அதை 'சயாம் மரண ரயில்'னு சொல்வாங்க. 415 கிலோமீட்டர். 1942 நடுவுல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சது ஜப்பான் ராணுவம். 60,000-க்கு மேல போர்க்கைதிகள் வேலை செஞ்சாங்க, 12,000-க்கு மேல செத்தாங்க. அவங்க கல்லறைகள் காஞ்சனபுரியில வரிசை வரிசையா, பேர் வெட்டி, புல் வெட்டி, அழகா இருக்கு. ஆனா போர்க்கைதிகளைவிட ரெண்டு மூணு மடங்கு அதிகமா ஆசியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தாங்க. அதுல மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். இலவச சினிமா காட்டுறோம்னு கூப்பிட்டு, வந்த ஆம்பளைங்களை அப்படியே லாரியில ஏத்தின கதையெல்லாம் உண்டு. காலரா வந்ததும் கொத்துக் கொத்தாப் போனாங்க. பேர் வெட்டின கல் இவங்களுக்குக் கிடையாது. மலேசியாவுல ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்'னும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்'னும் நாவல் எழுதினாங்க. தமிழ்ல இவங்களுக்கு இருக்கிற கல்வெட்டுன்னா கிட்டத்தட்ட அதான்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். வட ஆற்காட்டுல இருந்து மலேயா போன சனம் அதிகம். எங்க தாத்தாவும் அவர் தம்பியும் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்துல இருந்து பால்மரம் வெட்டப் போனவங்க. தாத்தா திரும்பி வந்தார், தம்பி வரல. "எங்க தாத்தா சின்னத் தாத்தா?"ன்னு நான் கேட்டா, "சயாமுக்குப் போனான்டா" அவ்ளோதான் பதில். ஏதோ வேலை கிடைச்சு வேற ஊருக்குப் போய் செட்டில் ஆனாப்ல சொல்வார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். ஒருநாள் சின்னத் தாத்தா பட்டுச் சட்டையோட வருவார்னு பாட்டிகிட்ட சொல்லியிருக்கேன். பாட்டி ஒண்ணும் சொல்லாம அடுப்பை ஊதினாங்க. கல்லூரி வந்தப்புறம்தான், ஒரு புத்தகத்துல அந்த ரயில் பாதையோட வரைபடத்தைப் பார்த்தப்பதான், அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம்னு விளங்கிச்சு. அப்ப தாத்தா இல்ல.

அதனால 45 பையன்கள் அந்தத் தண்டவாளத்து மேல பயணம் பண்ணிப் படிக்கப் போனாங்கன்னு படிச்சப்ப எனக்கு உடனே பெருமை வரல. பாதை முடிஞ்சு முழுசா ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். ஜன்னல்ல தெரிஞ்ச காட்டுக்குள்ள யார் இருந்தாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமோ என்னமோ. ஒரே ஜப்பான்தான். பள்ளிக்கூடம் படிச்ச இந்தியப் பையனுக்கு அகாடமி. கையெழுத்துப் போடத் தெரியாத இந்தியனுக்கு மண்வெட்டி.

உடனே போஸைத் திட்ட ஆரம்பிச்சிடாதீங்க மக்களே. அவர் சிங்கப்பூர் வந்து இறங்கினது 1943 ஜூலை 2. அதுக்கு முன்னாடியே தோட்டத்துல ஆள் பிடிப்பு ஆரம்பிச்சாச்சு. இன்னொரு பக்கமும் இருக்கு. ஐ.என்.ஏ.வுல பேர் கொடுத்துட்டா சயாமுக்குப் பிடிச்சுக்கிட்டுப் போக மாட்டாங்கன்னு சேர்ந்து உயிர் தப்பின தோட்டத் தொழிலாளிகளும் உண்டு. ஜான்சி ராணிப் படையில சேர்ந்த பெண்கள்ல பெரும்பங்கு மலேயாத் தமிழ்ப் பெண்கள்தான். லயத்து வீட்டுக்குள்ள தலை குனிஞ்சு கிடந்தவங்க கையில துப்பாக்கி வந்தது அவரால. ஆனா ஜப்பான்காரனைக் கூட்டாளியா வச்சுக்கிட்டவர், கூட்டாளி நம்ம சனத்துக்குப் பண்ணினதை எவ்வளவு தூரம் தட்டிக் கேட்டிருக்கணும்? இந்தக் கேள்வியை நேதாஜி படத்துக்கு மாலை போடற விழாவுல கேட்டா அடிக்க வருவாங்க. வீட்டுல உக்காந்து எழுதறதால கேட்டுக்கிறேன்.

சரி, டோக்கியோவுக்கு வருவோம். தரைப்படை அகாடமி டோக்கியோவுக்குத் தென்மேற்கே ஸாமாவுல. விமானப்படை அகாடமி வடமேற்கே தொயோஓகாவுல, இன்னிக்கு இருமா விமானதளம் இருக்கிற இடம். ரங்கூன் வெயில்ல வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜப்பான் குளிர். புது மொழி, புதுச் சோறு. 1944 நவம்பர்ல போஸ் டோக்கியோ போனார், பையன்களையும் பார்த்தார். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்துல உரை நிகழ்த்தினதும் அந்தப் பயணத்துலதான். அதே மாசம் 24-ம் தேதி பி-29 விமானங்கள் டோக்கியோ மேல குண்டு போட ஆரம்பிச்சது. 1945 மார்ச் 9, 10 ராத்திரி மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் எரிஞ்சு செத்தாங்க. பத்து லட்சம் பேருக்கு வீடில்ல. உலகத்தின் மாபெரும் நகரம்னு படிக்க அனுப்பின ஊர், கண்ணு முன்னாடி சாம்பலாச்சு.

ஜப்பான் கூட்டிட்டுப் போனது இவங்களை மட்டும் இல்ல. மலேயா, ஜாவா, பிலிப்பைன்ஸ், பர்மா பக்கம் இருந்து ஏறக்குறைய 200 மாணவர்களை 'தெற்குப் பகுதிச் சிறப்பு மாணவர்கள்'னு 1943, 44-ல கொண்டுபோனாங்க. அதுல மூணு மலாய்ப் பையன்கள் ஹிரோஷிமாவுல இருந்தாங்க, 1945 ஆகஸ்ட் 6 அன்னிக்கு. நிக் யூசுப் அங்கேயே போனார். சையது ஒமார் சில வாரம் கழிச்சு கியோட்டோவுல. அப்துல் ரசாக் பிழைச்சு ஊர் திரும்பி ஆசிரியரானார். இந்தக் கதையைத் தனிப் பதிவாவே எழுதலாம்.

ஆகஸ்ட் 15 சரணாகதி. 18-ம் தேதி தைப்பேயில விமான விபத்து. போஸோட அமைச்சரவையில பிரச்சாரத் துறை பார்த்த நம்ம எஸ்.ஏ. ஐயர்தான் டோக்கியோவுல உக்காந்து அந்த மரணச் செய்தி அறிவிப்பை எழுத உதவினவர். அனுப்பினவர் இல்ல. அனுப்பின அரசாங்கம் இல்ல. திரும்பி வர டிக்கெட் இல்ல. தோத்துப்போன நாட்டுல, தோத்துப்போன ராணுவத்தோட மாணவர்களா அந்தப் பிள்ளைகள் நின்னாங்க. வெள்ளைக்காரன் கணக்குப்படி அவங்க ராஜத்துரோகிகள் வேற.

அப்புறம் என்னாச்சுன்னு கேட்பீங்க. ஒருத்தர் கதை நல்லாத் தெரியும், ஏன்னா அவரே புத்தகமா எழுதிட்டார். ரமேஷ் பெனகல், 1926-ல ரங்கூன்ல பிறந்தவர். 'பர்மா டு ஜப்பான் வித் ஆசாத் ஹிந்த்' அவர் நினைவுக் குறிப்பு. ஜப்பான் அகாடமியில பறக்கக் கத்துக்கப் போனவர், ஊர் திரும்பி இந்திய விமானப்படையில சேர்ந்தார். சுதந்திரத்துக்கு அப்புறமும் ஐ.என்.ஏ. சிப்பாய்களைப் பழையபடி ராணுவத்துல எடுத்துக்கலைங்கிறதை ஞாபகம் வச்சுக்கிட்டுப் படிச்சா இது எவ்வளவு அதிசயம்னு புரியும். 1971 போர்ல கான்பெரா விமானத்துல எதிரி எல்லைக்குள்ள ஆழமாப் போய்ப் படம் எடுத்துட்டு வந்த படைப்பிரிவுக்குத் தலைவர் அவர். மகாவீர் சக்ரா கிடைச்சது. ஏர் கமடோரா ஓய்வு பெற்று 2003-ல காலமானார். அவரை மாதிரி இன்னும் சிலர் விமானப்படையிலயும் வெளியிலயும் விமானியா இருந்திருக்காங்க. இல்லாத விமானப்படைக்குத் தயார் பண்ணின ஆள், இருக்கிற விமானப்படைக்கு வந்து சேர்ந்தார்.

எங்க மாவட்டத்துல கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர். ராணுவப்பேட்டைன்னே பேர், வீட்டுக்கு ஒரு சிப்பாய். அந்த ஊர் அம்மாக்கள்கிட்ட கேட்டா, பிள்ளையை ராணுவத்துக்கு அனுப்புறதுன்னா என்னன்னு சொல்வாங்க. ஆனா அந்த 45 பேரோட அம்மாக்களுக்கு லீவுல வர்றேன்னு ஒரு கடிதாசுகூட நிச்சயமில்ல. அவங்களுக்கு ஒப்புதல் படிவம் யார் கொடுத்தா, கையெழுத்துப் போட்டப்ப என்ன நினைச்சாங்க?

ராத்திரி அக்கா பொண்ணுகிட்ட இதெல்லாம் சொன்னேன், சின்னத் தாத்தா விஷயம் உட்பட. மொபைலைக் கீழ வச்சுட்டுக் கேட்டா, அதுவே பெரிய விஷயம்.

"மாமா, அவரு பேரு அங்க எங்கயாச்சும் இருக்குமா?"

"இல்லடா."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சிங்கப்பூர்ல நேதாஜி சம்பந்தமா ஏதாவது இருக்கா?"ன்னா.

இருக்கு. எஸ்பிளனேட் பூங்காவுல ஐ.என்.ஏ. வீரர்களுக்கு நினைவுச் சின்னம் கட்ட 1945 ஜூலையில போஸ் அடிக்கல் நாட்டினார். செப்டம்பர்ல ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அதைத் தகர்த்துட்டாங்க. 1995-ல சிங்கப்பூர் அரசு அதே இடத்துல ஒரு குறிப்புப் பலகை வச்சது. மெர்லயன் சிங்கத்துக்கிட்ட இருந்து பாலம் தாண்டினா நடக்கிற தூரம்தான். சுற்றறிக்கையில அது இல்ல. டீச்சர்கிட்ட கேட்டுப் பார்க்கறேன், விட்டாங்கன்னா போட்டோ எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கா.

படிவத்துல அக்கா கையெழுத்துப் போட்டாச்சு. பெட்டிக்கு ஒரு சின்னப் பூட்டு வாங்க மறந்துட்டேன், நாளைக்கு மறுபடி லாங்கு பஜார் போகணும்.