வெடி வைத்துப் படித்த விஞ்ஞானம்

அதிர்வலைகளைக் கொண்டு நிலத்தின் அடியைப் படமாக்கும் வல்லுநர் எங்கே உருவாகிறார் என்று கேட்டால், பல்கலைக்கழகத்தில் கோட்பாடு பிறந்தது, எண்ணெய்க் கம்பெனிகள் அதைக் காசாக்கின என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தத் தொழிலின் முதல் ஐம்பதாண்டு வரலாறு இதற்கு ஒத்துவரவில்லை. ஜான் கிளாரன்ஸ் கார்ச்சர் என்ற இயற்பியலாளர், முதல் உலகப்போரின்போது எதிரியின் பீரங்கி எங்கிருக்கிறது என்பதை ஒலியைக் கொண்டு கண்டறியும் ஆய்வில் இருந்தவர். அதே உத்தியைத் தரைக்குள் திருப்பினால் என்ன என்று பார்த்தார். 1921-இல் ஓக்லஹோமாவில் வெடி வைத்து, பாறையடுக்கில் பட்டுத் திரும்பிய அலையைப் பதிவு செய்தார். எண்ணெய் விலை விழுந்ததும் முதலீடு வற்றி, அரசு ஆய்வகத்துக்கே திரும்பினார். 1925-இல் அமெராடா கம்பெனியின் டிகோலியர் அழைத்த பிறகே இது முழுநேரப் பிழைப்பாயிற்று. கார்ச்சரும் யூஜின் மெக்டெர்மட்டும் 1930-இல் தொடங்கிய ஜி.எஸ்.ஐ. நிறுவனம்தான் பின்னாளில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஆனது.

அன்றைய களக்குழுவின் வேலையைப் பார்த்தால் பயிற்சி எங்கே நடந்தது என்பது விளங்கும். குழி தோண்டி டைனமைட்டை இறக்குவார்கள். தரையில் வரிசையாக, அதிர்வை உணரும் ஜியோபோன்களை ஊன்றுவார்கள். லாரியில் இருக்கும் கருவி, நெளியும் கோடுகளைப் புகைப்படத்தாளில் பதியும். அதன்முன் அளவுகோலுடன் குனிந்து உட்கார்ந்து, எந்த நெளிவு திரும்பிய அலை, எது வெறும் இரைச்சல் என்று பிரிக்கும் இளைஞனின் பதவிக்குப் பெயர் 'கம்ப்யூட்டர்'. அலை விநாடிக்கு 3000 மீட்டர் வேகத்தில் போய் ஒரு விநாடியில் திரும்பினால் அடுக்கு 1500 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கணக்கு எளிது, வேகத்தைச் சரியாக ஊகிப்பதுதான் கஷ்டம். அந்த ஊகம், துளையிட்டுப் பார்த்துத் தோற்றவர்களுக்கே கைவந்தது.

பிறகு வந்த கணிதம் பல்கலைக்கழகத்துடையதல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். 1950-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் எண்டர்ஸ் ராபின்சன், விமான எதிர்ப்புப் பீரங்கிக்காக நார்பர்ட் வீனர் வகுத்த முன்கணிப்புக் கணிதத்தை எடுத்து, அதிர்வுப் பதிவின் குழப்பத்தைப் பிரித்துக் காட்டினார். ஆனால் அவர் கையில் இருந்த தாள்கள் கம்பெனிகளின் களப்பதிவுகள். எம்.ஐ.டி.யின் ஆய்வுக்குழுவுக்குப் பணம் கொடுத்ததும் எண்ணெய்க் கம்பெனிகளின் கூட்டமைப்பே. கேள்வி களத்திலிருந்து வந்தது, விடை வகுப்பறையிலிருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவே நடந்து பழகியவரே வல்லுநர்.

இதைவிட வலுவான மறுப்பு, இங்கெ லேமன் என்ற நிலநடுக்கவியலாளர். எண்ணெய்க் காசு எதுவும் இல்லாமல், பூமியின் மையத்துக்குள் இன்னொரு மையம் இருப்பதை 1936-இல் கோபன்ஹேகனில் கண்டறிந்தவர் அவர். அது மறுக்க முடியாத சாதனை. ஆனால் அவர் செய்தது வேறு வேலை. எங்கோ தானாக நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அலைகள் உலக நிலையங்களுக்கு வந்த நேரங்களை ஒப்பிட்டார். அதற்குப் பொறுமையும் கூர்மையும் போதும். வேண்டிய இடத்தில் வெடித்து, வேண்டிய இடத்தில் கேட்டு, அதையே ஆயிரம் தடவை திரும்பச் செய்து படம் வரைவதற்குப் பணம் வேண்டும். அதை அன்று தரத் தயாராக இருந்தது எண்ணெய்.

அந்தப் பணத்துக்கு விலை இருந்தது. பதிவுகள் கம்பெனிப் பெட்டகத்தில் முடங்கின. 1986-இல் எண்ணெய் விலை சரிந்தபோது ஏராளமான புவி இயற்பியலாளர்கள் வேலையிழந்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஜான் கிளேர்பவுட் 1973-இல் தொடங்கிய குழு, கம்பெனிகளின் பணத்தை வாங்கிக்கொண்டே மாணவர்களின் ஆய்வை வெளியே கொண்டுவந்து முதல் சிக்கலை ஓரளவு தளர்த்தியது. எண்ணெய் கிடைக்காத நிலம் படமே ஆகாமல் கிடந்தது இன்னொரு குறை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜாக் ஆலிவர் அதற்கு எடுத்த வழி விசித்திரமானது: எண்ணெய்க்காரர்களின் களக்குழுவையே வாடகைக்குப் பிடித்தார். கோகார்ப் என்ற பெயரில் 1975-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், நிலத்தை இயந்திரத்தால் அதிரவைக்கும் லாரிகள் எண்ணெய் தேடாமல் சாலைகளில் ஊர்ந்தன. தெற்கு அப்பலாச்சிய மலைகளின் பழைய படிகப் பாறைகள், தமக்கு அடியில் கிடக்கும் இளைய படிவுகளின் மேல் குறைந்தது 260 கிலோமீட்டர் தூரம் தள்ளப்பட்டு வந்தவை என்பதை 1979-இல் வெளியிட்டவர்கள் அவர்கள்தாம்.