பதியும் பட்டாவும்: நம் மலைகளின் முதல் குடிகள்

கோயம்புத்தூர் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், கோவன் என்னும் இருளர் தலைவனின் பெயரிலிருந்து வந்தது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கோவன்புத்தூர் என்பதே நாளடைவில் கோயம்புத்தூர் ஆயிற்றாம். வேறு விளக்கங்களும் உண்டு. கல்வெட்டைக் காட்டி நிரூபிக்கக்கூடிய செய்தி அல்ல இது. ஆயினும் இவ்வளவு பெரிய தொழில் நகரம் தன் பெயருக்காக ஓர் இருளரைக் கைகாட்டுகிறது என்பதே சிந்திக்கத் தக்கது. அந்தக் கோவனின் வழிவந்தோர் இன்று எங்கே இருக்கிறார்கள்? சிறுவாணி அடிவாரத்திலும், ஆனைகட்டி, தடாகம் பகுதிகளிலும் 'பதி' என்று அழைக்கப்படும் சிற்றூர்களில் வாழ்கிறார்கள். சீங்கப்பதி, வெள்ளப்பதி, சாடிவயல்பதி என்ற பெயர்களை கோவை குற்றாலத்திற்குச் சுற்றுலா போகும் வழியில் பலகைகளில் நாம் பார்த்திருப்போம். வண்டியை நிறுத்தியிருக்க மாட்டோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பழங்குடியினர் 7,94,697 பேர். மொத்த மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். கொங்கு நாட்டைச் சுற்றியுள்ள மலைகளில் பல இனத்தவர் இருக்கிறார்கள். ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர். கோவை மேற்கில் இருளர். சத்தியமங்கலம், பர்கூர் மலைகளில் சோளகர், ஊராளி, மலையாளி. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர். 'மலைவாசிகள்' என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்கிவிடுகிறோம். அவர்களுக்குள் மொழி வேறு, வழிபாடு வேறு, தொழில் வேறு.

உலகின் வேறு பகுதிகளில் இத்தகைய மக்களோடு ஆட்சியாளர்கள் எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நியூசிலாந்தில் மாவோரி மக்களோடு 1840 இல் வைத்தாங்கி உடன்படிக்கை ஏற்பட்டது. கனடாவில் 1871 முதல் 1921 வரை எண்ணிட்ட பதினொரு உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. அவை நேர்மையாக நிறைவேற்றப்பட்டனவா என்பது வேறு கதை, பெரும்பாலும் இல்லை. ஆனால் ஏமாற்றப்பட்ட மக்கள் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்ட ஒரு தாளாவது இருந்தது. கனடாவின் மேற்குக் கரையில் நிஸ்கா இன மக்கள் நூறாண்டுக்கும் மேலாகப் போராடி, 2000 ஆம் ஆண்டில் தங்கள் நிலத்திற்கும் தன்னாட்சிக்கும் நடைமுறையில் உள்ள ஓர் உடன்படிக்கையைப் பெற்றார்கள். ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு தாளும் இல்லை. அங்கே மேபோ வழக்கில் 1992 இல் வந்த தீர்ப்புதான் அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பொய்யை உடைத்தது.

நம் மலைகளிலும் உடன்படிக்கை கிடையாது. ஆனால் ஒருமுறை அதன் அருகில் வந்து நின்றோம் என்று சொல்லலாம். நீலகிரிக்குச் சென்று எழுதி வைத்த முதல் ஐரோப்பியர் ஓர் இயேசு சபைத் துறவி, அருட்தந்தை பெனிசியோ. மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு 1603 இல் மலபார்க் கரையிலிருந்து ஏறினார். கண்டதோ எருமை மேய்க்கும் தோடர்களை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1819 இல், கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் அங்கே போனார். உதகையில் கல்வீடு கட்டுவதற்காகத் தோடர்களிடம் ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்து நிலம் வாங்கினார் என்பார்கள். விலை மலிவுதான். ஆனாலும் விலை கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். விலை கொடுத்தால் எதிரே இருப்பவர் உடைமையாளர் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிறது. இந்த மலை தோடர்களுக்கே முழு உரிமையுடையது என்று சல்லிவன் அரசுக்கு எழுதியும் வந்தார். சென்னை ஆளுநராயிருந்த லஷிங்டன் அதை ஏற்கவில்லை. நீண்ட கடிதப் போருக்குப் பின், தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமைதான் உண்டு, நில உடைமை இல்லை என்ற கருத்தே மேலோங்கிற்று. வாதாடப்பட்டது அவர்கள் நிலம். வாதாடியவர்கள் இரு தரப்பிலும் ஆங்கிலேயர்கள்.

பிறகு 1882 இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒரு காட்டை 'ஒதுக்கப்பட்ட காடு' என்று அறிவிக்குமுன், உரிமை கோருவோர் குறித்த கெடுவுக்குள் அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உரிமை அற்றுப்போகும். காகிதத்தில் இது நியாயமாகத்தான் தெரிகிறது. எழுதப் படிக்கத் தெரியாத, ஆங்கில அரசிதழைக் கண்ணால் கண்டிராத காடர் ஒருவர் எப்படி மனுக் கொடுப்பார்? ஆகவே பெரும்பாலான இடங்களில் மனுவும் வரவில்லை, உரிமையும் மிஞ்சவில்லை. தங்கள் பாட்டன் காலத்துக் காட்டில் அவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். அதே சமயம் அவர்கள் இல்லாமல் அந்தக் காட்டில் ஒரு வேலையும் நடக்கவில்லை. டாப்சிலிப்பில் தேக்கு வெட்டி மலைச்சரிவில் உருட்டிவிட்ட காலத்திலும், வால்பாறைக் காடுகள் தேயிலைத் தோட்டங்களாக மாறிய காலத்திலும் வழிகாட்டியவர்களும் உழைத்தவர்களும் இவர்களே. கோழிகமுத்தி யானை முகாமில் பாகன்களாக இன்றும் மலசர்கள்தான் இருக்கிறார்கள்.

விடுதலைக்குப் பின்னும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஆந்திரம், ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிப் பகுதிகள் அறிவிக்கப்பட்டுள்ளன. தமிழகத்தில் அப்படி ஒரு பகுதியும் இல்லை. எனவே 1996 ஆம் ஆண்டின் பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டமும் இங்கே செல்லாது. நம் மக்களில் பலருக்கு இது தெரியாது. கூடலூரில் 1988 டிசம்பர் 5 அன்று ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என்று தனித்தனியே ஒதுங்கி வாழ்ந்தவர்கள் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் என்ற ஒரே பெயரில் அன்று தெருவுக்கு வந்தார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பழங்குடியினருக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று நாடாளுமன்றமே அதன் முகவுரையில் ஒப்புக்கொண்டது. 2005 டிசம்பர் 13 க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் குடியிருந்து பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பத்திற்கு, உண்மையில் அனுபவித்துவரும் அளவுக்கு, அதிகபட்சம் 4 எக்டேர் வரை (சுமார் 10 ஏக்கர்) உரிமை உண்டு. சான்று கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்பட வேண்டும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. இது தவிர தேன், நெல்லி, கடுக்காய், சீமாறு போன்ற சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கவும், மாடு மேய்க்கவும், ஊர்ப் பொதுவான காட்டைக் காக்கவும் சமுதாய உரிமை உண்டு. விண்ணப்பத்தை முதலில் விசாரித்து முடிவு செய்வது கிராம சபை. அதற்கு மேல் கோட்ட அளவில் ஒரு குழு, மாவட்ட அளவில் ஒரு குழு. விசாரணை முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. ஊர் மக்கள் கூடி எடுக்கும் முடிவுக்குச் சட்ட மதிப்புத் தந்திருப்பதுதான் இதில் முதன்மையானது என்று நான் கருதுகிறேன். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2013 இல் பன்னிரண்டு கிராம சபைகளைக் கேட்டார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை.

தமிழகத்தில் சட்டம் நொண்டி நொண்டியே நடந்தது. 2008 இல் சென்னை உயர் நீதிமன்றம், தன் அனுமதியின்றிச் சான்றுகள் வழங்கக் கூடாது என்று இடைக்கால ஆணையிட்டது. 2016 இல்தான் அந்தத் தடை நீங்கியது. எட்டு ஆண்டுகள்! மற்ற மாநிலங்கள் இலட்சக்கணக்கில் சான்று கொடுத்த காலம் அது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சட்டம் 2007 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் ஆனைமலையும் முதுமலையும் புலிகள் காப்பகத்துக்கான முதன்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 2013 இல் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகமாயிற்று. புலியைக் காப்பது தேவைதான். ஆனால் புலியும் மனிதரும் ஒரே காட்டில் பன்னெடுங்காலம் இருந்ததால்தானே அங்கே காப்பாற்றப் புலி மிஞ்சியிருந்தது?

2019 பிப்ரவரி 13 அன்று, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. நாடெங்கும் பல இலட்சம் குடும்பங்கள் கலங்கின. இரண்டே வாரத்தில், பிப்ரவரி 28 அன்று, அதே நீதிமன்றம் தன் ஆணையை நிறுத்தி வைத்தது. நிராகரிப்புகள் முறைப்படி நடந்தனவா என்ற கேள்வி எழுந்ததே காரணம்.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் வால்பாறைக்கு அருகே கல்லார்குடி என்ற காடர் குடியிருப்பில் பெருமழையால் மண் சரிந்தது. வீடிழந்த மக்கள் தெப்பக்குளமேடு என்ற இடத்துக்குப் போனார்கள். அதுவும் அவர்கள் முன்னோர் உலவிய காடே. அது புலிகள் காப்பகம் என்பதால் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய தொழிலாளர் குடியிருப்பில் தங்க வைக்கப்பட்டனர். கூரை கிடைத்தது, காடு கிடைக்கவில்லை. தேன் எடுப்பவருக்கும் கிழங்கு தோண்டுபவருக்கும் தோட்ட லயன் வீட்டில் என்ன பிழைப்பு? அவர்கள் கோரிக்கை மிகச் சிறியது: எங்களுக்குத் தெரிந்த காட்டில், நாங்கள் குடியேற ஓர் இடம். இரண்டு ஆண்டுகள் மனுக்கள் கொடுத்தார்கள். 2021 இல் காந்தி பிறந்த நாளன்று அறவழிப் போராட்டம் தொடங்கினார்கள். பெண்கள் முன்னே நின்றார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் வன உரிமைச் சட்டத்தின்கீழ் தெப்பக்குளமேட்டில் இடம் கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள்ளேயே மாற்றிடம் பெற முடியும் என்பதைக் காட்டிய நிகழ்வு இது. 2011 கணக்கின்படி தமிழகத்தில் காடர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஈரோடு மாவட்டத்து மலையாளி மக்களின் சிக்கல் வேறு வகையானது. கேரளத்தாரோடு இவர்களைக் குழப்ப வேண்டாம். மலையை ஆள்வோர் என்று தங்கள் பெயருக்குப் பொருள் சொல்பவர்கள் இவர்கள். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற இனம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், புதுக்கோட்டை, திருச்சி மாவட்டங்களுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்டுள்ளது. ஈரோடு 1979 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது; கோவை பட்டியலில் இல்லை. விளைவு: சேலத்து மலையில் இருக்கும் உறவினர் பழங்குடி, கடம்பூர் மலையில் இருப்பவர் பழங்குடி அல்ல. வன உரிமை கேட்டால் 'பிற பாரம்பரிய வனவாசி' என்ற பிரிவில் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பிள்ளைக்குச் சாதிச் சான்று இல்லை, அதனால் மேற்படிப்புச் சலுகையும் இல்லை. மாவட்ட எல்லைக் கோடு ஒன்று செய்த வேலை இது.

பர்கூரில் மாடுகளே வாழ்வு. செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு துடிப்பாக இருக்கும் அந்த மலைமாடுகளைக் காட்டுக்குள் பட்டி போட்டு மேய்ப்பது வழக்கம். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது; பின்னர் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் எனத் திருத்தியது. 2024 ஜனவரியில் அந்தியூர், பர்கூர்ப் பகுதிக் காடுகள் சுமார் 80 ஆயிரம் எக்டேர் பரப்பில் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மக்கள் உரிமைகள் பாதிக்கப்படா என்று அரசு சொன்னது. எழுத்தில் சமுதாய உரிமைச் சான்று இல்லாத ஊருக்கு அந்த வாய்மொழி எவ்வளவு நாள் தாங்கும் என்பதே மேய்ப்போரின் கேள்வி.

இவ்விஷயத்தில் நம் திருச்சபையின் கணக்கேட்டில் இரு பக்கமும் எழுத்து உண்டு. கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகளின் மொழியும் பண்பாடும் பறிக்கப்பட்டதில் கத்தோலிக்கரின் பங்கிற்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலையில் அங்கே சென்று மன்னிப்புக் கேட்டார். புதிதாகக் கண்டுபிடித்த நிலம் கண்டுபிடித்த கிறிஸ்தவ அரசனுக்கே சொந்தம் என்ற பழைய கோட்பாட்டை வத்திக்கான் 2023 மார்ச் 30 அன்று வெளிப்படையாக மறுத்தது. மறுபக்கத்தில், சோட்டா நாக்பூரில் 1885 முதல் முண்டா, ஒராவோன் மக்களின் நில வழக்குகளில் துணை நின்ற அருட்தந்தை லீவன்ஸ் இருக்கிறார். அவருக்குப் பின் வந்த அருட்தந்தை ஹாஃப்மன், 1908 ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் உருவாகத் தம் அறிவைக் கொடுத்தவர். பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போகாமல் அது இன்றும் காக்கிறது. அதே மண்ணில் உழைத்த நம் திருச்சி மாவட்டத்து விரகாலூர்க்காரர் அருட்தந்தை ஸ்டேன் சுவாமி, 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே மருத்துவமனையில் இறந்தார். தன் மூதாதையரின் திராட்சைத் தோட்டத்தை அரசனுக்கு விற்க மறுத்த நாபோத்தை நாம் மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அந்த அரசன் நல்ல விலையும் மாற்று நிலமும் தருவதாகத்தான் முதலில் சொன்னான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

பண்பாட்டு மறுமலர்ச்சி பற்றியும் இப்போது நிறையப் பேசுகிறார்கள். தோடர் பூத்தையலுக்கு 2013 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அட்டப்பாடி இருளர் மூதாட்டி நஞ்சியம்மா தம் தாய்மொழியில் பாடிய திரைப்பாடலுக்காக 2022 இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. முதுமலை யானைப் பாகர் தம்பதியைப் பற்றிய ஆவணப்படம் 2023 இல் ஆஸ்கர் வென்றது. மகிழ்ச்சிதான். பாட்டைக் கைதட்டி ஏற்பது நமக்கு எளிது. பட்டா கேட்டால்தான் முகம் மாறுகிறது. மொழியும் பாட்டும் எங்கே வாழும்? தேன் எடுக்கும் பாறையும், முன்னோரைப் புதைத்த இடமும், சாமி மரமும் கைவிட்டுப் போனபின் அவற்றின் பெயர்கள் பிள்ளைகள் வாயில் தங்குவதில்லை.

நம் பங்குகளில் மலையடிவாரத்து ஊர்களில் பணிசெய்யும் ஆசிரியர்கள், செவிலியர், இளைஞர் இயக்கத்தார் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இம்மக்கள் வழி கேட்கக்கூடும் என்பதால் சில விவரங்கள். தனிநபர் உரிமைக்கும் சமுதாய உரிமைக்கும் தனித்தனிப் படிவங்கள் உண்டு. அவற்றை ஊரின் வன உரிமைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை. பத்திரம் வேண்டும் என்பதும் இல்லை. குடும்ப அட்டை, பழைய வனத்துறை அபராதச் சீட்டு, வீடு, கிணறு, கல்லறை போன்ற அடையாளங்கள், ஊர்ப் பெரியவர்கள் தரும் வாக்குமூலம் ஆகியவையும் சான்றாக ஏற்கப்படும். இவற்றில் இரண்டாவது இருக்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிராம சபை முடிவின்மீது 60 நாட்களுக்குள் கோட்டக் குழுவிடமும், கோட்டக் குழுவின் முடிவின்மீது 60 நாட்களுக்குள் மாவட்டக் குழுவிடமும் முறையிடலாம். வாய்மொழியாக 'இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அந்த 60 நாள் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.