வழியில் நின்ற மனிதன்

அச்சம் எனும் மெய்ப்பாடு தெய்வம், விலங்கு, கள்வர், அரசர் முதலிய இறைவர் ஆகிய நான்கன்வழிப் பிறக்கும் என்பார் தொல்காப்பியர். இந்நான்கனுள் எதிலும் அடங்காத அச்சம் ஒன்று, அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1960 ஜனவரி 22 அன்று தோன்றியது. ராட் செர்லிங் படைத்த 'தி ட்வைலைட் ஸோன்' தொடரின் 'தி ஹிட்ச்-ஹைக்கர்' என்னும் அரைமணி நேரக் கதை அது.

அதன் மூலம் லூசில் பிளெட்சர் எழுதிய வானொலி நாடகம். நெடும்பயணம் ஒன்றில் ஒரே மனிதனை இருவேறு இடங்களில் கண்ட வியப்பே அவருக்குக் கருவாயிற்று. 1941இல் ஆர்சன் வெல்ஸ் அதில் நடித்தார். நாடகத்தில் பயணி ஓர் ஆண். செர்லிங் அப்பாத்திரத்தைப் பெண்ணாக்கினார். இங்கர் ஸ்டீவன்ஸ் ஏற்ற நேன் ஆடம்ஸ் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கித் தனியே கார் ஓட்டிச் செல்கிறாள். பென்சில்வேனியாவில் டயர் வெடிக்கிறது. அதன்பின் வழியெங்கும், வண்டியில் ஏற்றிக்கொள்ளுமாறு கைகாட்டியபடி ஒரே மனிதன் நிற்கிறான். இறுதியில் வீட்டிற்குத் தொலைபேசியில் பேசுகிறாள். மகளின் மரணத்தால் தாய் மனமுடைந்து மருத்துவமனையில் இருப்பதாகச் செய்தி வருகிறது. டயர் வெடித்த அன்றே மகள் இறந்துவிட்டாள்.

வானொலியில் அம்மனிதனுக்கு முகம் வேண்டியதில்லை. கேட்போர் தத்தம் உள்ளத்தில் ஒரு முகத்தை வரைந்துகொண்டனர். தொலைக்காட்சிக்கோ முகம் இன்றியமையாததாயிற்று. கோரமான முகம் அமைந்திருப்பின் கதை அங்கேயே சிதைந்திருக்கும். அம்முகத்தைத் தந்தவர் லெனார்ட் ஸ்ட்ராங் எனும் குணச்சித்திர நடிகர்.

ஆசியரைப் போல ஒப்பனை செய்துகொண்ட வெள்ளையர் ஆசியப் பாத்திரங்களை ஏற்பது அந்நாளைய ஹாலிவுட்டின் குறையுடைய வழக்கம். போர்க்காலப் படங்களில் ஸ்ட்ராங்கும் சப்பானியராகத் தோன்றினார். 1956இல் 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் அவர் மொழிபெயர்ப்பாளர். பிறர் முகங்களைப் பூண்டே பெரிதும் அறியப்பட்ட அவர், இக்கதையில் தம் சொந்த முகத்தோடு நின்றார். நைந்த உடை, எளிய தோற்றம், மிகச் சில சொற்கள். அவர் துரத்துவதில்லை, அச்சுறுத்துவதும் இல்லை. காத்து நிற்கிறார். முடிவில் காரின் கண்ணாடியில் பின்னிருக்கையில் அமர்ந்தவராகத் தெரிகிறார். தம் வழியும் அவள் வழியும் ஒன்றே என்னும் பொருள்படப் பணிவுடன் பேசுகிறார்.

கூற்றுவனைக் கொடியவனாகக் காட்டுவது எளிது. எதிர்த்து ஓடவேனும் அங்கே இடமுண்டு. பணிவோடு காத்திருப்பவனிடமிருந்து எங்ஙனம் ஓடுவது? நேன் கொண்ட அச்சம் உண்மையில் அம்மனிதனைப் பற்றியதன்று. தன் நிலையை அறிய அஞ்சிய அச்சம் அது. அவனோ அவளுக்கு அதனை அறிவிக்க வந்தவன்.

அச்சத்தைப் பாட முனையும் கவிஞர் உரத்த சொற்களை நாடுவது இயல்பு. ஸ்ட்ராங்கின் நடிப்போ அடங்கிய சொல்லின் ஆற்றலைக் காட்டுகிறது. 1980இல் மறைந்த அந்நடிகரின் பெயரை அறிந்தோர் சிலரே. சாலையோரம் நின்ற அவர் உருவத்தை ஒருமுறை கண்டோர் எளிதில் மறப்பதில்லை.