கொடுப்போர் இல்லாத மணம்

மணம் என்பது இருவர் மனமொத்து நிகழ்வதாயினும், அதனை மணமென்று ஊரும் உலகும் ஏற்பதற்குச் சான்று வேண்டும். அச்சான்றினை அளிப்போர் யார் என்னும் வினாவுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கூறி வந்துள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெற்றோர் அறியாது புறப்பட்ட காதலரின் வரலாறு, இவ்வினாவின் வரலாறேயாகும்.

பண்டைத் தமிழர் இதனை உடன்போக்கு என்றனர். தலைவி தலைவனுடன் சுரம் கடந்து செல்வாள். செவிலித்தாய் வழியிற் காண்போரையெல்லாம் வினவித் தேடுவாள். கொடுத்தற்குரியோர் கொடுக்க மகளைக் கொள்வதே கற்பின் முறை எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. ஆயினும், உடன்போக்கு நிகழ்ந்தவிடத்துக் கொடுப்போர் இன்றியும் சடங்கு உண்டு என்று அதே கற்பியல் ஒப்புக்கொள்கிறது. கொடுப்போர் இல்லாது போகலாம். சடங்கு இல்லாது போகலாகாது என்பதே இதனாற் பெறப்படுவதாம்.

யாழ்ப்பாணத்தை 1658ஆம் ஆண்டிற் கைப்பற்றிய ஒல்லாந்தர், விவாகத்தைத் தேவாலயத்தோடும் பள்ளிக்கூடத்தோடும் பிணைத்தனர். மணமக்களின் பெயர்கள் கோயிலில் முன்கூட்டியே வாசிக்கப்பட்டன. விவாகங்கள் பள்ளித் தோம்புகளிற் பதியப்பட்டன. எனினும் சொத்துரிமையில் அவர்கள் நாட்டு வழக்கத்தையே நாடினர். தேசாதிபதி சைமன்ஸின் பணிப்பின்படி, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் யாழ்ப்பாணத்தாரின் வழமைகளைத் திரட்டினார். அத்தொகுப்பு ஜான் பிரஸ் என்பவராற் தமிழாக்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமாரால் ஆராயப்பெற்று, 1707இல் நடைமுறைக்கு வந்தது. தேசவழமை என வழங்கும் அச்சட்டத்தைப் பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் உறுதிப்படுத்தினர்.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனத் தேசவழமை சொத்தினை மூவகைப்படுத்தியது. மகளுக்குரிய பங்கு, மணத்தின்போது பெற்றோர் கையாற் சீதனமாக வந்தது. ஆகவே யாழ்ப்பாணத்திற் கொடுப்போர் என்ற சொல், மகளைக் கொடுப்போரை மட்டுமன்றிக் காணியையும் வீட்டையும் கொடுப்போரையும் குறித்தது. சீதன உறுதி எழுதப்படாமல் மணஞ்செய்தவள், பெற்றோரின் ஆசியோடு தன் நிலத்தையும் இழக்க நேர்ந்தது. இதனாலன்றோ, "கூட்டிக்கொண்டு ஓடினான்" என்று ஊரார் கூறும் சொல்லில், மானக்கேட்டோடு பொருளிழப்பின் துயரும் கலந்திருந்தது!

1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்று, யாழ்ப்பாணம் கொழும்போடு இணைந்தது. இரண்டு ஆண்டுகளின் பின் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. ஒன்று ஊரைவிட்டு விலகும் வழியைத் தந்தது. மற்றையது ஊராரின் சான்றில்லாமலே மணத்தை நிலைநாட்டும் வழியைத் தந்தது.

ஆயினும் அவ்வழி மறைவான வழியன்று. விவாக அறிவித்தல் கொடுப்பதற்கு முன் பத்து நாட்களேனும் அப்பதிவுப் பிரிவில் வதிந்திருத்தல் வேண்டும். இருவரும் வெவ்வேறு பிரிவினராயின் ஒவ்வொருவரும் தத்தம் பதிவாளருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதன்பின் பன்னிரண்டு நாட்கள் கழிந்தே அத்தாட்சிப் பத்திரம் கிடைக்கும். விசேட அனுமதிப் பத்திரம் பெறுவோர் அத்துணை நாள் காத்திருக்க வேண்டியதில்லை. அறிவித்தலைக் கண்ட எவரும் காரணங்காட்டி ஆட்சேபிக்கலாம். விவாகம் இரு சாட்சிகள் முன்னிலையில் நிறைவேறும். தேவாலயத்தில் பெயர் வாசித்த பழைய முறையின் சாயலை இவ்வறிவித்தலிற் காணலாம். ஒளிந்து செய்யும் மணத்தைச் சட்டம் என்றுமே விரும்பவில்லை.

வயதைப் பற்றிய விதியோ பெரிதும் மாறியிருக்கிறது. 1907இன் சட்டப்படி ஆணுக்குப் பதினாறும் பெண்ணுக்குப் பன்னிரண்டும் நிறைந்தாற் போதும். ஆனால் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர்க்குத் தந்தையின் சம்மதம் தேவை. தந்தை நியாயமின்றி மறுப்பின் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். மணக்கும் வயது, தானே முடிவுசெய்யும் வயது ஆகிய இரண்டுக்கும் இடையில் இவ்வாறு நீண்ட இடைவெளி இருந்தது. 1989இல் பராய வயது பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. 1995இல் இரு பாலார்க்கும் மணவயது பதினெட்டாக உயர்த்தப்பட்டது. அவ்வயது நிறையாதோரின் விவாகத்துக்குப் பெற்றோர் சம்மதமும் உதவாதென 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. இவ்வாறு அந்த இடைவெளி மறைந்தது. பதினெட்டு நிறைந்தோர்க்குப் பெற்றோர் சம்மதம் சட்டப்படி வேண்டியதில்லை. நிறையாதோர்க்கு அது பயன்படுவதுமில்லை.

பதிவு இல்லாவிடினும், வழக்கப்படி கூறை கொடுத்துத் தாலி கட்டிய சைவ விவாகத்தை இலங்கை நீதிமன்றங்கள் ஏற்று வந்துள்ளன. ஆனால் அதனை நிரூபிப்பது யார்? பெற்றோர் நடத்திய மணத்துக்குக் குருக்களும் சுற்றத்தாரும் பந்தலில் உண்டோரும் சாட்சி. கோயில் வாசலிற் தனித்து நின்று தாலி கட்டியோர்க்கு அச்சாட்சிகள் இல்லை. கணவன் மறுத்தாலோ மாண்டாலோ, தான் மனைவியென்று நாட்டும் சுமை பெண்ணின் தலைமேல் விழும். பதிவேட்டின் பதிவோ விவாகத்துக்குச் சிறந்த சான்றென நீதிமன்றத்தில் ஏற்கப்படும். ஓடிப்போனவளுக்கு அத்தாளே பந்தலும் சுற்றமும் ஆயிற்று.

அவள் அறிந்திருக்க வேண்டியது இன்னுமொன்று உண்டு. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்டவனை மணந்த பிறள் ஒருத்தியும், அவ்விவாகம் நிலவுங்காறும் அவ்வழமைக்கு உட்படுகிறாள்; அதற்கு உட்படாதவனை மணந்த யாழ்ப்பாணப் பெண் அதனின்றும் நீங்குகிறாள். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்கவும் ஈடுவைக்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் மறுப்பின் நீதிமன்றமே துணை. தந்தையின் சம்மதத்தைக் கடந்து வந்தவள், கணவனின் சம்மதத்தின்முன் நிற்கிறாள்.

கொடுப்போர் இல்லாத மணத்துக்கும் சடங்கு உண்டென்றது பழைய இலக்கணம். கொடுப்போர் இல்லாத மணத்துக்கும் பதிவு உண்டென்றது பிற்காலச் சட்டம். இரண்டும் காதலரைத் தடுக்க எழுந்தவையல்ல. பின்னொரு நாள் கைவிடப்படுவோரைக் காக்க எழுந்தவை. இல்லத்தை விட்டுப் புறப்படத் துணிவு போதும். புறப்பட்ட பின் நிலைத்து வாழச் சான்றும் வேண்டும்.