சுவரில் மாட்டும் கணப்பு: வாங்கும் முன்

பிரிட்டனில் வசிக்கும் நம் குடும்பங்கள் குளிருக்குச் சுவர்க் கணப்பு வாங்கும்போது, அழகைப் பார்க்கும் முன் அது எதில் எரிகிறது என்று பார்க்கச் சொல்வோம்.

எரிவாயுக் கணப்பை 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவர்தான் பொருத்த வேண்டும், அது சட்டம். புகைபோக்கி அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு அறையில் தேங்கும். நிறமோ வாசனையோ கிடையாது. உறக்கத்திலேயே உயிர் போய்விடும். ஆகவே அந்த அறையில் அதற்கான அலாரம் அவசியம். எத்தனால் கணப்புக்குப் புகைபோக்கி வேண்டாம்தான். ஆனால் அதுவும் நிஜத் தீ. சூடு ஆறும் முன் எரிபொருள் ஊற்றினால் குப்பென்று பற்றும்.

மின்சாரக் கணப்பில் தெரிவது வெறும் விளக்கொளி. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எங்கள் தேர்வு இதுவே, வெப்பக்காற்று வரும் வாய் சுடும் என்றாலும். 2 கிலோவாட் கணப்பு முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் ஆகும். எக்ஸ்டென்ஷன் வயரில் செருகாதீர்கள்.

மாட்டும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள். அங்கு உள்சுவர்கள் பலவும் ஜிப்சம் பலகைதான். உள்ளே காலியாக ஒலித்தால், பின்னால் உள்ள மரச்சட்டத்தைக் கண்டுபிடித்து அதில்தான் திருகாணி இறக்க வேண்டும். மேலே டிவி மாட்டும் எண்ணமிருந்தால், வெப்பக்காற்று எந்தப் பக்கம் வரும் என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.