சூளையிலிருந்து சைலன்சர் வரை

என்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பத்தை அளக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளையிட்டுச் செருகப்படும் குச்சி, பென்சிலைவிட மெல்லியது. அதற்குள் இருப்பவை இரண்டே கம்பிகள். வேறு வேறு உலோகக் கலவையால் ஆன அவை நுனியில் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பாதரசம் கிடையாது, பேட்டரியும் தேவையில்லை. இந்த எளிய கருவி காருக்குள் வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. வரும் வழியில் அது ஆய்வகத்தையும் எஃகு உலையையும் விமானத்தையும் கடந்து வந்தது.

கடும் வெப்பத்தை மனிதர் வெகுகாலம் கண்ணால்தான் அளந்தார்கள். கொல்லர் இரும்பின் நிறத்தைப் பார்த்தார், குயவர் சூளையின் தணலைப் பார்த்தார். வெப்பமானியிலுள்ள பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். அதற்கு மேல் எண்ணே இல்லை. இங்கிலாந்தின் பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் 1782-இல் ஒரு வழி கண்டார். களிமண் துண்டைச் சூளையில் வைத்து எடுத்து, அது எவ்வளவு சுருங்கியது என்று பித்தளைச் சட்டத்தில் பொருத்திப் பார்ப்பதே அது. ஒரு சூளையை இன்னொன்றுடன் ஒப்பிட இது அருமையாகப் பயன்பட்டது. ஆனால் பொது அளவுகோலுக்கு மாற்றியபோது வெள்ளி உருகும் வெப்பம் சுமார் 2600 டிகிரி என்று வந்தது. உண்மையில் அது 962. ஒப்பீட்டுக்கு உதவும் கருவி தனி எண்ணாகப் பொய் சொல்லும் என்ற இந்தச் சிக்கல், பின்னாளில் கார் என்ஜினிலும் தலைகாட்டியது.

இன்றைய தாலின் நகரில் பிறந்த தாமஸ் யோஹான் சீபெக், 1821-இல் பெர்லினில் செம்பையும் பிஸ்மத்தையும் வளையமாக இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினார். அருகிலிருந்த திசைகாட்டி முள் அசைந்தது. வெப்பம் உலோகத்தைக் காந்தமாக்குகிறது என்று அவர் முடிவுகட்டினார். பூமியின் காந்தத்துக்கே இதுதான் காரணம் என்றுகூடக் கருதினார். வளையத்தில் மின்சாரம் ஓடுவதுதான் முள்ளை அசைக்கிறது என்று விளக்கியவர் டென்மார்க்கின் ஏர்ஸ்டெட். கண்டுபிடித்தவர் தவறாகப் புரிந்துகொண்ட விளைவுக்கு இன்றும் கண்டுபிடித்தவர் பெயரே நிற்கிறது.

அந்த மின்சாரத்தை நம்பகமான வெப்ப அளவீடாக மாற்ற மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. பிரான்சின் ஆன்றி லெ ஷாத்தலியே 1880-களின் நடுவில் ஒரு கம்பியைப் பிளாட்டினத்திலும், மற்றதைப் பத்து விழுக்காடு ரோடியம் கலந்த பிளாட்டினத்திலும் அமைத்தார். ஆனால் அதன் விலை எட்டாதது. மலிவான வழி அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷிடமிருந்து வந்தது. நிக்கலும் குரோமியமும் கலந்து அவர் உருவாக்கிய கலவைக்கு 1906-இல் காப்புரிமை கிடைத்தது. ரொட்டி வாட்டும் டோஸ்டரில் சிவந்து எரியும் கம்பி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதே வழியில் வந்த குரோமெல், அலுமெல் இணை இன்று ‘கே’ வகை எனப்படுகிறது. கார்களில் தனியாக வாங்கிப் பொருத்தப்படும் மீட்டர்களில் பெரும்பாலும் இருப்பது இதுவே. 900 டிகிரியில் அது தரும் மின்னழுத்தம் வெறும் 37 மில்லிவோல்ட்.

பெட்ரோல் விமானங்களில்தான் புகை வெப்பத்துக்கு ஒரு தனி இலக்கணம் பிறந்தது. உயரே ஏற ஏறக் காற்று மெலியும். விமானி கையால் பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சரிசெய்ய வேண்டும். பெட்ரோலைக் குறைக்கக் குறைக்கப் புகையின் வெப்பம் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். டெக்சஸில் ஆல்கோர் நிறுவனத்தை நடத்திய ஆல் ஹுண்டெரே சிறு விமானங்களுக்குள் கொண்டுசென்ற முறை இந்த உச்சத்தையே அடிப்படையாகக் கொண்டது. மீட்டர் காட்டும் எண் எதுவாகவும் இருக்கட்டும்; உச்சத்திலிருந்து எத்தனை டிகிரி தள்ளி நிற்கிறோம் என்பதே கணக்கு. குச்சி சற்றுத் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தாலும் முறை கெடாது. வெட்ஜ்வுட்டின் களிமண் துண்டு நன்றாகச் செய்ததும் இதே ஒப்பீட்டைத்தான்.

ஜெட் விமானத்தில் அந்தச் சலுகை இல்லை. எரிபொருளைச் சற்று அதிகம் ஊற்றினாலே டர்பைன் இதழ்கள் தம் எல்லையைத் தாண்டிவிடும். அதனால் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 தொட்டே புகை வெப்ப மீட்டர் விமானியின் கண்முன் இடம்பெற்றது.

காருக்கு இது நெடுங்காலம் தேவைப்படவில்லை. மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. நிலைமையை மாற்றியது டர்போ. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஷி 1905-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தாலும், விற்பனைக்கு வந்த கார்களில் அது 1962-இல்தான் ஏறியது. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் ஷெவர்லே கோர்வேரும் அவ்வாண்டு வந்தவை. புகையே டர்பைனைச் சுழற்றும்போது அதன் வெப்பம் டர்போவின் ஆயுளைத் தீர்மானிக்கும் எண்ணாகிவிடுகிறது. என்ஜினின் சக்தியைக் கூட்டி ஓட்டியவர்களும், டீசல் பிக்கப்பில் பாரம் இழுத்தவர்களும் தாங்களே மேனிஃபோல்டைத் துளையிடத் தொடங்கினார்கள். 1999-இன் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வி-ஸ்பெக்கில் நிறுவனமே இந்த அளவைத் திரையில் காட்டியது.

துளை எங்கே என்பதில்தான் அளவின் பெறுமானம் இருக்கிறது. சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் இடத்தில், டர்போவுக்கு முன்னால் இடுவதே வழக்கம். டர்போவைக் கடந்த புகை தன் வெப்பத்தில் ஒரு பங்கை உழைப்பாகக் கொடுத்துவிட்டதால், முழுச்சுமையில் 100 முதல் 200 டிகிரி வரை, சில நேரம் அதற்கு மேலும் குறைவாகக் காட்டும். ஆனால் முன்னால் இடுவதில் அச்சம் உண்டு. குச்சி முறிந்தால் துண்டு நேரே டர்பைனுக்குள் போகும். துளையிடும்போது விழும் வார்ப்பிரும்புத் தூளும் அப்படியே. கவனமுள்ளவர்கள் மேனிஃபோல்டைக் கழற்றி மேசையில் வைத்துத் துளையிட்டு மரை வெட்டுவார்கள். பொறுமையில்லாதவர்கள் டிரில்லில் கிரீஸ் தடவித் தூளைப் பிடிப்பார்கள், அல்லது என்ஜினை ஓடவிட்டுப் புகையே தூளை வெளியே ஊதட்டும் என்று விடுவார்கள். பின்னது டர்போ இல்லாத வண்டியில் பரவாயில்லை. டர்போ உள்ள வண்டியில் அந்தத் தூள் வெளியேறும் வழியே டர்பைன்தான்.

குச்சியின் நுனி சுவரை ஒட்டாமல் புகையோட்டத்தின் நடுவே நிற்க வேண்டும். மீட்டர் வரை நீளும் கம்பியும் அதே கலவையாக, அல்லது அதற்கு ஈடான மின்னழுத்தம் தருவதாக இருக்க வேண்டும். கம்பி போதவில்லையென்று சாதாரணச் செம்புக் கம்பியை என்ஜின் அருகே இணைத்தால், அந்த இணைப்பே, நுனியின் சூடு எதனோடு ஒப்பிடப்படுகிறதோ அந்தக் குளிர்முனை ஆகிவிடும். அங்கே 80 டிகிரியும் மீட்டரருகே 30 டிகிரியும் இருந்தால், முள் 50 டிகிரி குறைத்துக் காட்டும். ஓட்டுபவரை நிம்மதியாக வைத்திருக்கும் தவறு இது.

சரியாகப் பொருத்திய குச்சியும் ஏமாற்றும். தீப்பொறி தாமதமானால் எரிதல் பிந்தி, புகை சூடேறும். முந்தினால் புகை குளிரும், ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி நாக்கிங் வரும். முள் இறங்கியதைப் பார்த்து மகிழ்ந்த வேளையில் பிஸ்டன் உடைந்துபோகலாம். டீசலில் இந்தக் குழப்பம் குறைவு என்பதால் அங்கே மீட்டருக்கு மதிப்பு அதிகம்.

முள்ளே இல்லாத வடிவத்திலும் இந்த அளவீடு பரவியது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட் அளவுமீறிச் சூடானால் எரியும் எச்சரிக்கை விளக்கு, ஜப்பானின் பழைய கார்களில் ‘கான்ஜி’ எனப்படும் ஜப்பானிய எழுத்துகளோடு டாஷ்போர்டில் இருந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளால் டீசல் வண்டிகளில் கரித்தூள் வடிகட்டி பரவலானது. அதில் சேரும் கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி வேண்டும். அதைக் கண்காணிக்கப் புகைக்குழாயில் நிறுவனமே சென்சார்களைப் பொருத்துகிறது. அவற்றில் பல, இரு உலோக இணைப்புக்குப் பதிலாக, சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் வகையைச் சேர்ந்தவை. அளவு நேரே கம்ப்யூட்டருக்குப் போகிறது. கோளாறு வந்தால் ஓட்டுநர் காண்பது என்ஜின் விளக்கு ஒன்றைத்தான்.